மூங்கிலேணி மான்மியம்

வாழிய காண்ட்ராக்டர் பெருமான்! பிறரைக் கைதூக்கிவிடுவோர் அருகிப்போன இக்கலிகாலத்தில், காலை எட்டரை தொடங்கி மாலை விளக்கு வைக்கும் நேரம் வரை, ஞாயிறென்றும் நல்ல நாளென்றும் பாராமல், ஏழை எளியவரை ஓயாது மேலே ஏற்றிவிடுவதையே தம் தொழிலாகக் கொண்ட ஒரு புண்ணியவானைப் பாட வாய்த்தது இந்தப் பேனா செய்த தவம். கீழே கிடப்பவனை மேலே ஏற்றுவதென்றால் சும்மாவா? அதற்கு மனம் வேண்டும், ஏணியும் வேண்டும். மனம் அன்னாரிடம் கடலளவு இருக்கிறது. ஏணியின் மாட்சியைத்தான் இனி விரித்துரைக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் தீபாவளிக்கு முன் புதுப்பொலிவு காணவிருக்கும் மூன்று மாடி ஜவுளிக்கடையின் முகப்பில், காண்ட்ராக்டர் பெருமானின் ஏணி எழுந்தருளியிருக்கிறது. அதன் வயதைக் கேட்பது அபசாரம். இரண்டு மூங்கில்களில் ஒன்று மற்றதைவிட ஒரு சாண் குட்டை. அதனால் ஏணி நிமிர்ந்து நிற்கும் முரட்டுத்தனம் இல்லாமல், இடுப்பை ஒருபுறம் ஒசித்து நளினமாக நிற்கிறது. நான்காம் படி இருக்கவேண்டிய இடத்தில் ஆகாயம் இருக்கிறது. ஏறுபவன் அவ்விடத்தில் சற்றே நின்று, தன்னம்பிக்கையைத் திரட்டி, காலை அகட்டி ஐந்தாம் படிக்குத் தாவ வேண்டும். வாழ்வில் படிப்படியாகத்தான் உயரவேண்டும் என்ற பத்தாம்பசலிக் கொள்கையை இதைவிட அழகாக எவர் மறுத்துரைத்தார்? ஒன்பதாம் படி அசல் மூங்கில் அன்று. சென்ட்ரிங் பலகையிலிருந்து பிளந்தெடுத்த ஒரு துண்டு. அதில் ஓர் ஆணி அரை அங்குலம் தலைநீட்டி, வருவோர் உள்ளங்காலுக்கு வந்தனம் சொல்கிறது. கட்டுகளின் வரலாறோ இன்னும் ஆழமானது: அடியில் தேங்காய்நார்க் கயிறு, அதன்மேல் கட்டுக்கம்பி, அதன்மேல் நைலான், எல்லாவற்றுக்கும் மேலே ஏதோவொரு புடவையின் சரிகைக் கரை. தொல்லியல் துறையார் இன்னும் வந்து பார்க்காதது அவர்களுக்குத்தான் இழப்பு.

இத்தனைக்கும் மேலே பச்சை எனாமல் பெயிண்ட், பளபளவென்று. மூங்கிலேணிக்கும் மர ஏணிக்கும் நிறம் பூசக்கூடாது, பூசினால் விரிசலும் உளுத்த இடமும் கண்ணுக்குத் தெரியாது, வேண்டுமானால் நிறமற்ற வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம் என்று பாதுகாப்புப் பண்டிதர்கள் ஓதுவார்கள். என்ன கல்நெஞ்சம்! தள்ளாத வயதில் ஒருவரின் சுருக்கங்களை ஊரறியக் காட்டச் சொல்கிறார்கள். பெருமானின் கருணையுள்ளம் அதற்கு இசையவில்லை. மிச்சமிருந்த அரை டப்பா பச்சையை அள்ளிப் பூசி, ஏணியின் மானத்தைக் காத்தார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் ஏணிகளுக்கென்றே தனியாக ஒரு நெறிநூல் வெளியிட்டது, ஐ.எஸ். 3696, இரண்டாம் பாகம். அந்த நூலைத் தொடாமலேயே அதன் ஒவ்வொரு விதிக்கும் எதிர்விதி கண்ட மேதைமையை என்னென்பது! படித்து மறுப்பவர் பலர். படிக்காமலே முழுவதையும் மறுத்தவர் இவர் ஒருவரே.

ஏணி இரண்டாம் மாடிக்கு எட்டவில்லை என்றொரு குறை முதல்நாள் எழுந்தது. வேறொருவராயிருந்தால் சாரம் கட்டியிருப்பார். பெருமான் இன்னொரு ஏணியைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் ஓரடி ஒட்டவைத்து, கட்டுக்கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றினார். நீட்டேணி என்று விற்கிறார்களே, அவற்றில் ஒரு துண்டின்மேல் இன்னொன்று குறைந்தது மூன்றடியாவது ஏறியிருக்க வேண்டுமென்று செய்பவர்கள் குறித்துத் தருகிறார்கள். ஓரடியில் முடிகிற காரியத்துக்கு மூன்றடியை விரயம் செய்யும் ஊதாரிகள்.

இங்கே இடையிட்டு ஒரு சொல். புகழ் முழுவதையும் காண்ட்ராக்டருக்கே சாத்திவிட்டால் கடை முதலாளி மனம் நோவார்; நியாயமும் அன்று. எஸ்டிமேட் வந்தபோது அதில் பட்டி பார்ப்பது, பிரைமர், இரண்டு கோட்டு எமல்ஷன் எல்லாவற்றுக்கும் கீழே ‘சாரம்’ என்று ஒரு வரி இருந்ததாம். முதலாளி தம் தங்கமுலாம் பேனாவை எடுத்து, மற்ற வரிகளில் பத்தும் இருபதும் பேரம் பேசிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பேரமே பேசாமல் அடித்துவிட்டார். பேனா ஓடியது ஓர் அங்குலம்; மிச்சமானது முழுத்தொகை. பெருமானும் புன்னகைத்து, “அதுக்கென்ன சார், ஏணி போட்டு முடிச்சிரலாம்” என்றார். இரண்டு பெருந்தன்மைகள் ஒரு மேசையில் கைகுலுக்கிய அத்தருணத்தில் அங்கே இல்லாதவர் அந்த ஏணியில் ஏறப்போகிறவர் மட்டுமே. அவரை எதற்காக அழைத்துத் தொந்தரவு செய்வது?

பிரிட்டனில் தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு நிர்வாகம், சாய்வேணியில் ஒரே மூச்சில் அரைமணி நேரத்துக்கு மேல் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், அது குறுகிய வேலைக்கான சாதனம் என்கிறது. அரைமணி நேரமாம்! நம் பெயிண்டர்கள் அரைமணியில் பட்டி கலக்கி முடிப்பார்கள். பெருமானின் ஏணியில் ஏறியவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். தனி மனிதன் இத்தனை நேரம் விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே தங்கியதற்கு முன்னுதாரணம் திரிசங்குதான். அவனை அங்கே நிறுத்த விசுவாமித்திரருக்கு வாழ்நாள் தவமெல்லாம் செலவாயிற்று. பெருமான் அதை நாட்கூலிக்குச் சாதிக்கிறார்.

இனி ஏணியைச் சாத்திய திறம். நாலடி உயரத்துக்கு ஓரடி என்பது உலகம் முழுக்க வழங்கும் கணக்கு: ஏணித்தலை இருபதடி உயரத்தில் சுவரைத் தொட்டால் ஏணிக்கால் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்க வேண்டும். தரையோடு ஏறக்குறைய 75 பாகைச் சாய்வு. அதைவிட நெருங்கினால் ஏறுபவன் எடைக்கு ஏணி மல்லாக்கச் சாயும். விலகினால் அடி வழுக்கும். ஆனால் ஐந்தடி தள்ளி என்ன இருக்கிறது? வாடிக்கையாளர்களின் ஸ்கூட்டிகள் இருக்கின்றன. புடவை எடுக்க வந்தவர்களை வண்டியை நகர்த்தச் சொல்வது வணிக நாகரிகமா? ஆகவே ஏணிக்கால் சுவரிலிருந்து ஒன்றரையடியில், கிட்டத்தட்டச் செங்குத்தாக, அடக்கத்தின் வடிவமாக ஒதுங்கி நிற்கிறது. தலைப்பக்கம் கட்டவில்லை, பி.வி.சி. மழைநீர்க் குழாயின்மேல் நட்போடு சாய்த்திருக்கிறார்கள். மேலே கால்வைத்து இறங்கும் இடத்தைத் தாண்டி மூன்றடியாவது ஏணி நீண்டிருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளத் தோதாக இருக்கும் என்பார்கள். பெருமானின் ஏணி சன்ஷேடுக்கு இரண்டு சாண் கீழேயே நின்றுவிடுகிறது. அதற்குமேல் செல்பவனைப் பிடித்துவைக்க அது விரும்பவில்லை.

குட்டைக்கால் பக்கத்துக்கு அரைச்செங்கல் ஒன்று, அதன்மேல் மடித்த அட்டைப்பெட்டி. கீழே வழவழப்பான டைல்ஸ். காலையில் கடைப்பெண்கள் துடைத்துவிட்டுப் போன ஈரம் காயவில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ள, மீசை அரும்பாத தம்பி ஒருவன் நியமிக்கப்பட்டிருக்கிறான். அவன் இடக்கை ஏணியில், வலக்கை செல்போனில், விழிகள் செல்போனில், சிந்தையும் அங்கேயே. பதினொரு மணிக்கு அவனையும் தூக்குவாளியோடு டீக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன்பிறகு ஏணி, எவர் தயவும் இல்லாமல், தன் சொந்தக்காலில் நிற்கிறது. எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு.

அன்று பெயிண்டர் முதல் படியில் கால் வைத்தபடி சொன்னது என் காதில் விழுந்தது.

“மேஸ்திரி, கீழ கொஞ்சம் வழுக்குதுண்ணே.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா. ஏறு.”

மேஸ்திரியின் திருவாயிலிருந்து வந்தாலும் அந்த மந்திரம் பெருமான் உபதேசித்தது. தலைக்கவசம் வாங்கினால் காசு, கயிறு வாங்கினால் காசு, ரப்பர் பாதம் போட்ட ஏணி வாங்கினால் இன்னும் காசு. இந்த ஒரு வாக்கியமோ முற்றிலும் இலவசம். எத்தனை முறை சொன்னாலும் தேய்வதில்லை. அதைச் செவியேற்ற மாத்திரத்தில் டைல்ஸின் ஈரம் காய்கிறது, உளுத்த மூங்கில் வைரம் பாய்கிறது, நான்காம் படி முளைக்கிறது. குறைந்தபட்சம், ஏறுபவன் அப்படி எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் ஏறுவான்.

பெயிண்டர் ஏறினார். இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால் என எப்போதும் மூன்று உறுப்புகள் ஏணியைப் பற்றியிருக்க வேண்டும் என்பது பாதுகாப்புப் பண்டிதர்களின் முதற்பாடம். கையில் பெயிண்ட் வாளியோடு ஏறாதே, கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள் என்பது இரண்டாம் பாடம். இடுப்பு வார் ஏணியின் இரு சட்டங்களுக்கு வெளியே போகாதபடி வேலை செய், எட்டாவிட்டால் இறங்கி ஏணியை நகர்த்து என்பது மூன்றாவது. நம் பெயிண்டர் இடக்கையில் வாளி, வலக்கையில் ரோலர், வாயில் இரண்டங்குலப் பிரஷ், காலில் ஹவாய் செருப்பு, மடித்துக்கட்டிய லுங்கி என்ற திருக்கோலத்தில் பதினாறு படி ஏறினார். பிறகு இடக்கால் பதினாறாம் படியிலும் வலக்கால் சன்ஷேடிலுமாக வாமனாவதாரத் தோரணையில் நின்று, எட்டாத மூலைக்கு உடம்பை நீட்டிப் பூசினார். இறங்கி, ஏணியை ஒரு முழம் நகர்த்தி, மறுபடி ஏற ஐந்து நிமிடம் ஆகும். மேஸ்திரியின் காலக் கணக்கில் அந்த ஐந்து நிமிடத்துக்கு இடமில்லை.

கடைக்குள்ளேயும் அற்புதங்களுக்குக் குறைவில்லை. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் ஏ டைப் ஏணியில் இரண்டு பக்கமும் விரியாமல் தடுக்கும் இரும்புப் பட்டை எப்போதோ கழன்றுவிட்டது. அதன் பதவியை இப்போது வாழைநார் வகிக்கிறது. உச்சிப்பலகையில் நிற்காதே என்று அந்தப் பலகையிலேயே அச்சடித்திருக்கும் எச்சரிக்கையின்மேல் கால்வைத்துத்தான் அவர் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலைவிடுகிறார். அடுத்த விளக்குக்குப் போக இறங்கவும் மாட்டார். ஏணியின் இரு புறமும் கால்களைப் போட்டுக்கொண்டு, இடுப்பை அசைத்து அசைத்து, பொய்க்கால் குதிரை போல டக் டக்கென்று ஏணியோடு நடந்தே போய்விடுவார். சூப்பர்வைசர் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தார், கைதட்டும் பொம்மையோடு.

அலுமினிய ஏணியின் பெருமையைச் சொல்லாவிட்டால் இம்மான்மியம் நிறைவுறாது. மூன்றாம் மாடியின் பெயர்ப்பலகைக்காக அதைத் தருவித்தார்கள்; எடை குறைவு, இருவர் நிமிர்த்தித் தூக்கியபடியே தெருவைக் கடக்கலாம். தெருவின் மேலே 11,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியும் அலுமினியம்தான். மின்சாரத்தை அத்தனை நன்றாகக் கடத்தும் என்பதால்தான் அதைக் கம்பியாக்கினார்கள். ஆக, மேலே ஓர் உறவு, கீழே ஓர் உறவு. இருவரும் சந்தித்துக்கொள்ளத் துடிப்பது இயற்கை. தொட வேண்டுமென்றுகூட இல்லை, போதிய அளவு நெருங்கினால் அவ்வளவு மின்னழுத்தம் தானே தாவிக்கொள்ளும். கம்பிப் பக்கம் வேலையென்றால் ஃபைபர் கிளாஸ் ஏணி என்று ஒன்று உண்டு. இல்லையேல் மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லலாம். எழுதிக்கொடுப்பதற்குப் பேனா வேண்டும். பேனா முதலாளியிடம் இருக்கிறது; அதன் பணியை முன்பே கண்டோம்.

பெருமான் பாதுகாப்பில் அக்கறையற்றவர் என்று எவரேனும் நினைத்தால் அது பொறாமை. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். தேசியப் பாதுகாப்புக் கழகம் 1966-இல் அமைக்கப்பட்டதன் நினைவாகக் கொண்டாடுவது. அன்று அவர் சைட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் நீங்கள்! கோடவுனிலிருந்து மஞ்சள் தலைக்கவசங்கள் புறப்பாடாகும். இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்து மாட்டும் பாதுகாப்பு வார்கள், பாலித்தீன் உறைகூடக் கிழியாத கன்னித்தன்மையோடு, வரிசையாக நிற்பவர்களின் கைகளில் தரப்படும். உறுதிமொழி, பேட்ஜ், குரூப் போட்டோ, ஆளுக்கொரு லட்டு. லட்டு முடிந்ததும் வார்கள் எண்ணிப் பெற்றுக்கொள்ளப்பட்டுக் கோடவுனுக்குத் திரும்பிவிடும். அடுத்த மார்ச் வரை அவற்றுக்கு ஒரு கீறலும் விழாது. பாதுகாப்புச் சாதனங்களை இவ்வளவு பாதுகாப்பாக வைத்திருப்பவர் எவர்?

சட்டத்தின்பால் அவருக்குள்ள பக்தி அதனினும் பெரிது. கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த மத்தியச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும் என்று வகுத்தது. பெருமானின் வருகைப் பதிவேட்டில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். சைட்டில் எண்ணிப் பார்த்தால் இருபதைத் தாண்டும். ஆனால் நவக்கிரகம், நவரத்தினம், நவதானியம் என ஒன்பதை மங்கல எண்ணாகப் போற்றும் மரபில் வந்தவர் அவர். மீதிப்பேர் யார் என்றால், சப்-காண்ட்ராக்டரின் ஆட்கள், சப்-காண்ட்ராக்டரைக் கேட்டால் மேஸ்திரியின் ஆட்கள், மேஸ்திரியைக் கேட்டால், “அவனுங்களா சார், அவனுங்களா வந்து வேலை செய்யுறானுங்க.” ஏணியில் நிற்பவன் எவருக்கும் சொந்தமில்லாதவன். பற்றறுத்தவன். அவனைத் துறவிகளோடு வைத்தெண்ணுவதே முறை.

அப்படி ஒரு துறவி சென்ற ஆடி மாதம், பெருமானின் இன்னொரு சைட்டில், பன்னிரண்டடி உயரத்திலிருந்து இறங்கினார். ஏணிப்படிகளின் உதவியை நாடவில்லை. பன்னிரண்டடியைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். காலூன்றி விழுந்ததால் குதிகால் எலும்புகள் இரண்டும் நொறுங்கின, இடுப்புக்கு மேலே முதுகெலும்பும் அமுங்கிற்று. செருப்பொன்று சன்ஷேடிலேயே தங்கிவிட்டது. பெருமான் யார் பொருளையும் அபகரிப்பவர் அல்லர். அந்தச் செருப்பை எடுத்துவர உடனே இன்னொருவரை அதே ஏணியில் ஏற்றினார்.

விசாரணையும் தாமதமில்லாமல் நடந்தது. ஆட்டோ அரசு ஆஸ்பத்திரியை எட்டுமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது: கவனக்குறைவு. ஏணியின் கவனக்குறைவு அன்று, விழுந்தவரின் கவனக்குறைவு. ஈர டைல்ஸும், அரைச்செங்கல்லும், ஆகாயப் படியும் மிகக் கவனமாகத்தான் இருந்தன. அந்த ஒரு மனிதர்தான் தவறிவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி மேஸ்திரி காதில் ஓதினார்; போலீசுக்குப் போகும் காகிதமெல்லாம் எதற்கு, வலியில் இருப்பவருக்கு இன்னும் அலைச்சல். அவர் வீட்டில் மாடியில்லை. ஓட்டு வீடு. ஆயினும் ஒரு மாடியைக் கொடையாகத் தந்த வள்ளன்மையை யார் மறப்பார்?

தொழிலாளர் இழப்பீட்டுக்கென 1923-இல் வந்த சட்டம் வகுத்த கணக்கு ஒன்றுண்டு. இனி எந்த வேலைக்கும் ஆகமாட்டார் என்று டாக்டர் எழுதித் தந்தால், மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அது 207.98. கூலியை, 2020-இல் நிர்ணயித்த உச்சவரம்பான 15,000 ரூபாய் என்று வைத்தால் விடை 18,71,820 ரூபாய். எவ்வளவு குறைத்தாலும் 1,40,000-க்குக் கீழே போகக்கூடாது என்று 2009-இல் ஒரு திருத்தம் வேறு. இவ்வளவு நீண்ட பெருக்கலை, படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதர்மீது சுமத்தப் பெருமானுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கவரில் பத்தாயிரமும், பையில் ஒரு கிலோ ஆப்பிளும் கொண்டுபோய்த் தம் கையாலேயே தந்து, கட்டைவிரல் ரேகை ஒன்றை மட்டும் நினைவுப்பொருளாகப் பெற்றுவந்தார்.

குடும்பத்தையும் அவர் கைவிடவில்லை. விழுந்தவரின் மனைவிக்கு இப்போது இந்த ஜவுளிக்கடைச் சைட்டிலேயே சித்தாள் வேலை கொடுத்திருக்கிறார். நாளெல்லாம் பட்டி வாளியை எடுத்துக் கொடுக்கிறார். தம்பி டீ வாங்கப் போகும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். இரண்டு கையாலும், மேலேயே பார்த்தபடி பிடிக்கிறார். அவ்வளவு கவனம் சைட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று மேஸ்திரியே பாராட்டினார்.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ பரணிலோ படி உடைந்த ஏணி, உளுத்த மூங்கில், கழன்ற இரும்புப் பட்டை ஏதேனும் கிடந்தால் வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள். காண்ட்ராக்டர் பெருமானுக்கு ஒரு சொல் அனுப்புங்கள். ஆள் விட்டு எடுத்துக்கொள்வார். தீபாவளிக்குள் மூன்றாம் மாடி முடிய வேண்டும், கைவசமுள்ள ஏணி அவ்வளவு தூரம் எட்டவில்லை.